காரில் 0, 1, 2, 3 என்று இருக்கும் சின்னச் சக்கரம் எதற்கு? லோ பீமில் போனாலும் எதிரே வருகிறவர்கள் ஏன் லைட் அடிக்கிறார்கள்?

கேள்வி கேட்டவர் எழுதியிருப்பது இது: ஸ்டியரிங்குக்கு வலப்பக்கம் கீழே 0 முதல் 3 வரை எண் போட்ட ஒரு சக்கரம் இருக்கிறது, திருப்பினால் வெளிச்சம் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. குடும்பத்தோடு ராத்திரியில் ஊருக்குப் போகும்போது லோ பீமில்தான் போகிறார், ஆனாலும் எதிரே வருகிற லாரிக்காரர்கள் டிம் பண்ணச் சொல்லி லைட் அடிக்கிறார்கள்.

இரண்டு கேள்விக்கும் பதில் ஒரே இடத்தில்தான் இருக்கிறது. அந்தச் சக்கரத்துக்கும் வெளிச்சத்தின் அளவுக்கும் சம்பந்தமே இல்லை. லோ பீம் எந்த உயரத்தில் போய் விழ வேண்டும் என்பதை மாற்றுவது அது. 0 என்பதுதான் இருப்பதிலேயே உயரமான நிலை. 1, 2, 3 என்று போகப் போகப் பீம் கீழே இறங்கும். எண் கூடினால் பவர் கூடும் என்று நினைத்து எப்போதும் 3-லேயே வைத்து ஓட்டுகிறவர்கள் நிறையப் பேர். பம்பருக்கு முன்னால் கொஞ்ச தூரம் பளிச்சென்று இருக்கும், அதற்கு அப்பால் இருட்டு. "லைட்டே பத்தலைங்க, எல்.இ.டி. போடணும்" என்று வருகிற வண்டிகளில் முதலில் நான் பார்ப்பது அந்தச் சக்கரத்தைத்தான்.

சரி, எதற்காக இறக்க வேண்டும்? லோ பீமைச் சுவரில் அடித்துப் பாருங்கள். மேல் விளிம்பு கத்தியால் வெட்டினது மாதிரி இருக்கும். நம் ஊரில் இடப்பக்கம் ஓட்டுகிறோம் என்பதால் வலது பாதி தட்டையாக இருக்கும், இடது பாதி மேல்நோக்கி ஏறும். வலப்பக்கம் எதிரே வருகிறவர் கண், இடப்பக்கம் ஓரத்தில் நடக்கிறவரும் பெயர்ப் பலகையும். அந்த வெட்டுக்கோட்டுக்கு மேலே கொஞ்சம்தான் வெளிச்சம் போகும், கீழே முழு வெளிச்சம். ஆகவே எதிரே வருகிறவர் கண் கோட்டுக்கு மேலே இருக்கிறதா, கீழே இருக்கிறதா என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

சின்னக் கணக்கு ஒன்று. பல கார்களில் ஹெட்லைட்டின் நடுப்புள்ளி தரையிலிருந்து சுமார் 65 செ.மீ. உயரத்தில் இருக்கும். பீம் 1 சதவீதம் இறக்கம், அதாவது 10 மீட்டர் போனால் 10 செ.மீ. கீழே. அப்படியென்றால் அந்த வெட்டுக்கோடு 65 மீட்டரில் ரோட்டைத் தொடும். இப்போது பின் சீட்டில் மூன்று பேர், டிக்கியில் அரிசி மூட்டை, ஊறுகாய் ஜாடி, தேங்காய். வண்டியின் பின்புறம் 4 செ.மீ. அமுங்குகிறது என்று வையுங்கள். முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் நடுவே 2.45 மீட்டர் என்றால், வண்டி மூக்கைத் தூக்குவது கிட்டத்தட்ட 1.6 சதவீதம். 1 சதவீதம் கீழே பார்த்த பீம் இப்போது 0.6 சதவீதம் மேலே பார்க்கிறது. 75 மீட்டர் தள்ளி அது ஒரு மீட்டருக்கு மேல் உயரத்தில் இருக்கும். எதிரே வருகிற காரை ஓட்டுகிறவரின் கண் மட்டம் அதுதான். நீங்கள் லோ பீமில்தான் போகிறீர்கள், அவருக்கு அது ஹை பீம். லாரிக்காரர் உயரத்தில் இருக்கிறவர். அவருக்கே கூசுகிறது என்றால் உங்கள் பீம் நன்றாகவே தூக்கி நிற்கிறது, சுமை மட்டும் காரணமாக இருக்காது. அதற்கு அப்புறம் வருகிறேன்.

சக்கரத்தின் எண்களுக்கு உரிமையாளர் கையேட்டில் ஒரு சின்ன அட்டவணை இருக்கும். பெரும்பாலும் இப்படி: டிரைவர் மட்டும், அல்லது முன் சீட்டில் இன்னொருவர் என்றால் 0, சீட் எல்லாம் நிரம்பினால் 1, சீட்டும் டிக்கியும் நிரம்பினால் 2, டிரைவர் தனியாக, டிக்கி முழுக்கச் சுமை என்றால் 3. கடைசி நிலை சிலருக்கு வேடிக்கையாக இருக்கும். முன்னால் பாரம் இல்லாமல் பின்னால் மட்டும் பாரம் இருந்தால்தான் மூக்கு அதிகமாகத் தூக்கும், அதனால்தான். மாடலுக்கு மாடல் மாறும், உங்கள் கையேட்டையே நம்புங்கள்.

உள்ளே நடப்பது எளிமையான சமாச்சாரம். ஹெட்லைட்டுக்குள் இருக்கும் ரிஃப்ளெக்டர் (புரொஜெக்டர் விளக்கு என்றால் அந்த முழு அமைப்பும்) மூன்று புள்ளிகளில் நிற்கிறது. ஒன்று அசையாத உருண்டை மூட்டு. மற்ற இரண்டும் திருகுகள்: ஒன்றைத் திருகினால் பீம் மேல் கீழ் போகும், இன்னொன்று இடம் வலம். மேல் கீழ் திருகின் முனையில்தான் சின்ன மோட்டாரும் சேர்ந்திருக்கும். அதற்கு மூன்று ஒயர்: ஒன்று கரண்ட், ஒன்று எர்த், ஒன்று சக்கரத்திலிருந்து வரும் சிக்னல். பழைய ரேடியோவின் வால்யூம் பொத்தானில் இருக்கும் அதே பொருள்தான் சக்கரத்துக்குப் பின்னாலும் இருக்கிறது. திருப்பினால் வோல்டேஜ் மாறும். மோட்டாருக்குள்ளேயும் தன் இடத்தைச் சொல்லும் ஒன்று உண்டு; இரண்டு வோல்டேஜும் ஒத்துப்போகும் வரை மோட்டார் ஓடி, பல்சக்கரம் வழியாக ஒரு தண்டைத் தள்ளும் அல்லது இழுக்கும். தண்டின் நுனியில் ஒரு பிளாஸ்டிக் உருண்டை, அது ரிஃப்ளெக்டரின் பின்னால் உள்ள குழியில் கிளிக்கென்று மாட்டியிருக்கும். வெப்பத்தில் அந்தக் குழி நாளடைவில் நொறுங்கிப்போகும். அப்படி ஆன வண்டியில் ரோட்டுக் குழியில் விழும்போதெல்லாம் ஒரு பக்க வெளிச்சம் மட்டும் நடுங்கும். மோட்டாரை மாற்றினாலும் போகாது.

சோதிப்பதற்குச் சுவர் போதும். சாவியைப் போட்டு, லோ பீமை எரியவிட்டு, சக்கரத்தை 0-விலிருந்து 3-க்குத் திருப்புங்கள். இரண்டு பக்க வெளிச்சமும் சேர்ந்து இறங்க வேண்டும், முன்னால் நின்றால் 'ட்ர்ர்' என்று மெல்லிய சத்தமும் கேட்கும். ஒரு பக்கம் மட்டும் இறங்கினால் அந்தப் பக்க மோட்டாரோ உருண்டையோ போயிருக்கிறது.

இந்த யோசனை புதிதும் இல்லை. 1948-இல் பாரிஸ் கண்காட்சியில் வந்த சிட்ரோன் 2 சிவி மெத்தென்ற சஸ்பென்ஷன் கொண்ட வண்டி, பின்னால் பாரம் ஏறினால் மூக்கை நன்றாகத் தூக்கும். இரண்டு ஹெட்லைட்டையும் ஒரே குறுக்குக் கம்பியில் மாட்டி, அந்தக் கம்பியை உள்ளே உட்கார்ந்தபடியே ஒரு குமிழால் திருப்பும்படி வைத்தார்கள். மோட்டாரும் இல்லை, ஒயரும் இல்லை. அதே கம்பெனி 1967-இல் டி.எஸ். காரின் முகத்தை மாற்றியபோது இன்னும் ஒரு படி போனது. வெளிப்பக்க விளக்குகள் சஸ்பென்ஷனோடு இணைந்து தாமாகவே மட்டம் பிடிக்கும், உள்பக்க விளக்குகள் ஸ்டியரிங் திரும்பும் பக்கம் திரும்பும். அமெரிக்காவுக்குப் போன டி.எஸ்.களில் இது கிடையாது, அங்கே சட்டம் விடவில்லை. இன்றைக்கும் அமெரிக்கச் சட்டம் இந்தச் சக்கரம் கட்டாயம் என்று சொல்வதில்லை. ஆனால் 1990-களின் சில அமெரிக்க வண்டிகளில் ஹெட்லைட்டின் மேலேயே கொத்தனார் வைத்திருப்பது போன்ற குட்டி ரசமட்டம் பதித்திருப்பார்கள், பானட்டைத் திறந்து குமிழியைப் பார்த்துத் திருகிக்கொள்ளலாம். அது எனக்கு ரொம்பப் பிடித்த ஏற்பாடு.

இப்போது முக்கியமான விஷயம். சக்கரம் என்பது சுமைக்கு ஈடு கொடுக்க மட்டும். அது சரியாக வேலை செய்ய வேண்டுமென்றால் 0-வில் பீம் சரியான இடத்தில் நிற்க வேண்டும். அந்த அடிப்படை அளவைத் திருகில்தான் வைக்க முடியும். பானட்டைத் திறந்தால் ஹெட்லைட்டின் மேலோ பக்கத்திலோ ஒரு விளக்குப் படத்தோடு 1.0% அல்லது 1.2% என்று ஸ்டிக்கரிலோ பிளாஸ்டிக்கிலோ இருக்கும். அதுதான் உங்கள் வண்டிக்கான இறக்கம். ஐ.நா.வின் 48-ஆம் எண் விதிமுறை, 80 செ.மீ.க்குக் கீழே மாட்டிய ஹெட்லைட்டுக்கு இதை 1 முதல் 1.5 சதவீதத்துக்குள் வைக்கச் சொல்கிறது. முன்பக்கம் இடித்து, பம்பரும் விளக்கும் மாற்றி வருகிற வண்டிகளில் இதை யாரும் பார்ப்பதில்லை. எங்கள் தெருவில் ஒருவர் காரை அப்படி வேலை முடித்து எடுத்து வந்தார், ஒரு விளக்கு வேப்பமரத்தின் கிளையைக் காட்டியது. உங்கள் லாரிக்காரர்கள் கோபப்படுவதும் இந்த வகையாகத்தான் இருக்கும் என்பது என் சந்தேகம்.

நீங்களே சரிசெய்யலாம். டயரில் காற்று சரியாக இருக்கட்டும், டிக்கி காலி, டிரைவர் சீட்டில் ஒருவர், சக்கரம் 0. கஷ்டம் எல்லாம் இடம் கிடைப்பதில்தான். நெல் காய வைக்கும் களம் மட்டமாகத் தெரியும், ஆனால் மழைத் தண்ணீர் ஓட வேண்டும் என்று வாட்டம் கொடுத்துத்தான் போட்டிருப்பார்கள். வீட்டு வாசலும் அப்படியே. 10 மீட்டரில் 10 செ.மீ. வாட்டம் இருந்தால் நீங்கள் வைக்கப் போகும் இறக்கம் முழுக்க அதிலேயே போய்விடும். இதற்குக் கொத்தனாரின் ட்யூப் மட்டம் போல வசதியானது இல்லை. தண்ணீர் நிரப்பிய ட்யூபைக் கொண்டு முதலில் நாலு சக்கரமும் ஒரே மட்டத்தில் நிற்கிறதா என்று பாருங்கள். அப்புறம் ட்யூபின் ஒரு முனையை ஹெட்லைட்டின் நடுப்புள்ளிக்கு நேராகப் பிடித்து, மறு முனையில் தண்ணீர் நிற்கும் இடத்தைச் சுவரில் குறியுங்கள். வண்டி நிற்கும் இடம் மட்டமாக இருந்தால் போதும், நடுவே தரை எப்படி இருந்தாலும் கவலை இல்லை.

சுவர் 10 மீட்டரில் இருந்தால், அந்தக் குறியிலிருந்து 10 செ.மீ. கீழே (1 சதவீதம் என்றால்) ஒரு கோடு. சுவர் 5 மீட்டரில் இருந்தால் 5 செ.மீ., ஆனால் அங்கே ஒரு செ.மீ. பிசகினாலே 0.2 சதவீதம் தப்பு, முடிந்தால் 10 மீட்டரே வையுங்கள். ஒரு விளக்கின் முன்னால் அட்டையை நிறுத்தி மறைத்துவிட்டு, மற்றதன் வெட்டுக்கோட்டின் தட்டையான பாகம் அந்தக் கோட்டில் உட்காரும் வரை திருகுங்கள். திருகு பெரும்பாலும் விளக்கின் பின்னால் ஒரு பல்சக்கரமாக இருக்கும். மேலேயிருந்து நீள ஸ்டார் ஸ்க்ரூடிரைவரை ஒரு துளை வழியாக நேராக இறக்கினால் அதன் நுனி பல்லில் பொருந்தும், கையில் கடகடவென்று தெரியும். எந்தப் பக்கம் திருகினால் எந்தப் பக்கம் போகும் என்பது வண்டிக்கு வண்டி மாறும், சுவரைப் பார்த்தபடி கால் சுற்று, அரைச் சுற்றாகப் போங்கள். வெட்டுக்கோடு ஏறத் தொடங்கும் முனை ஹெட்லைட்டின் நடுவுக்கு நேராக இருந்தால் இடவலத் திருகைத் தொடவே வேண்டாம். ஹை, லோ இரண்டும் ஒரே எச்4 பல்பில் இருக்கும் வண்டியில் லோவைச் சரிசெய்தால் ஹையும் கூடவே சரியாகிவிடும்.

ஒன்று மட்டும்: வெட்டுக்கோடே தெரியாமல் வெளிச்சம் சுவரெல்லாம் சிதறினால் திருகிப் பிரயோஜனம் இல்லை. கடையில் வாங்கி மாட்டிய எல்.இ.டி. பல்பு எச்4 விளக்கில் இருக்கிறதா என்று பாருங்கள். எச்4 பல்பில் லோ பீம் இழைக்கு அடியில் ஒரு சின்ன உலோகக் கிண்ணம் உண்டு, அதுதான் அந்தக் கோட்டை உண்டாக்குகிறது. இழை இருக்க வேண்டிய இடத்தில் எல்.இ.டி. துல்லியமாக இல்லாவிட்டால் ரிஃப்ளெக்டர் குழம்பிவிடும். ஹெட்லைட் நடுவில் போலீஸ் ஒட்டும் கருப்பு ஸ்டிக்கரும் இந்தக் கதைதான். வெளிச்சத்தில் ஒரு பகுதியை விழுங்குமே தவிர, தூக்கி நிற்கும் பீமைக் கீழே இறக்காது. சட்டம் ஸ்டிக்கரை விடத் தெளிவாகவே பேசுகிறது. மத்திய மோட்டார் வாகன விதிகள் 1989-இன் 106-வது விதிப்படி, விளக்குக்கு 8 மீட்டர் முன்னால், வண்டியின் வலது ஓரத்திலிருந்து அரை மீட்டர் தள்ளி, 1.5 மீட்டர் உயரத்தில் கண் இருக்கும் ஒருவருக்குக் கூசாதபடி பீம் கீழே பார்க்க வேண்டும்.

0 முதல் 3 வரை போட்ட அந்தச் சக்கரமே இல்லாத புது வண்டியாக இருந்தால் பெரும்பாலும் இதெல்லாம் தானாக நடக்கிறது என்று அர்த்தம். 2000 லூமனுக்கு (லூமன் என்பது வெளிச்சத்தின் அளவு) மேற்பட்ட விளக்குக்கு ஐரோப்பிய விதிமுறையில் தானியங்கி மட்டம் கட்டாயம். பின் அச்சுக்குப் பக்கத்தில் விரல் நீளக் கம்பி ஒன்று சென்சாரோடு இணைந்திருக்கும். சஸ்பென்ஷன் வேலை பார்த்தபோது அந்தக் கம்பி வளைந்தாலோ, கழற்றி மாட்ட மறந்தாலோ பீம் தாறுமாறாகிவிடும். அந்த வண்டிகளில் ஸ்க்ரூடிரைவரை எடுக்காதீர்கள், ஸ்கேனர் போட்டுத்தான் செய்ய வேண்டும்.

சுவர், ட்யூப் எல்லாம் வேண்டாம் என்றால் பீம் செட்டர் இருக்கும் ஒர்க்‌ஷாப்புக்குப் போங்கள். லென்ஸ் வைத்த ஒரு பெட்டி, தண்டவாளத்தில் நகரும். அதை ஹெட்லைட்டுக்கு முன்னால் தள்ளினால் 10 மீட்டர் சுவரில் தெரிவது உள்ளே சின்னத் திரையில் தெரியும். ஐந்தே நிமிட வேலை. பெட்டியை வைக்கும் முன் சக்கரம் 0-வில் இருக்கிறதா, டிரைவர் சீட்டில் ஆள் உட்கார்ந்திருக்கிறாரா என்று மட்டும் நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள். ஊருக்குப் போகும் அன்று சாமான் ஏற்றி முடித்ததும் 2.