எச்சில் வெறும் தண்ணீர் இல்லை

மலேசியாவின் சுங்கை சிப்புட் வட்டாரத் தோட்டங்களிலிருந்து வந்த கேள்விகளில் எச்சிலைப் பற்றியவற்றுக்கு மட்டும் இந்த வாரம் பதில் சொல்கிறேன்.

கேள்வி: முப்பது வருடம் பால் மரம் வெட்டியவன் நான். இப்போது இரத்தக் கொதிப்புக்கு மெட்டோபுரோலோல் சாப்பிடுகிறேன். முன்பெல்லாம் சோற்றை நன்றாக மென்றால் இனிக்கும். இப்போது அது இல்லை. மாத்திரைதான் காரணமா?

பதில்: இருக்கலாம் ஐயா. அந்த இனிப்பு, எச்சிலில் உள்ள அமிலேஸ் என்ற புரதம் சோற்று மாவை உடைப்பதால் வருவது. காதுக்கு முன்னால் இருக்கும் பெரோட்டிட் சுரப்பி அதைச் செய்து, உயிரணுக்களுக்குள் குட்டிக் குட்டிப் பொதிகளாகக் கட்டி வைத்திருக்கும். நரம்பு முனையிலிருந்து நோர்அட்ரினலின் என்ற தூதுப் பொருள் வந்து, உயிரணுவின் மேல் பூட்டு மாதிரி இருக்கும் பீட்டா-1 ஏற்பியைத் தொட்டதும் உள்ளே சைக்ளிக் ஏஎம்பி என்ற உள் தூதுப் பொருள் கூடும்; பொதிகள் விளிம்புக்கு வந்து புரதத்தைக் கொட்டும். தண்ணீரை ஊற வைப்பது பெரும்பாலும் வேறொரு நரம்பு, அசெட்டில்கோலின் என்ற இன்னொரு தூதுப் பொருள் வழியாக.

இதயத்தை நிதானப்படுத்தத்தான் மெட்டோபுரோலோல் பீட்டா-1 ஏற்பியை அடைக்கிறது. சுரப்பியில் இருப்பதும் அதே ஏற்பி. அதனால் எச்சில் ஊறினாலும் அதிலுள்ள புரதம் குறைந்துபோகும். இதன் எதிர்ப்பக்கத்தை எலிகளில் பார்த்திருக்கிறார்கள்: பீட்டா ஏற்பியைத் தூண்டும் ஐசோபுரோட்டரனாலை நாள்கணக்கில் கொடுத்தால் சுரப்பியே பல மடங்கு பெருத்துவிடும்.

வயதானால் நாக்கின் ருசியும் மாறும் என்பதால் மாத்திரையை மட்டும் குறை சொல்ல முடியாது. செரிமானத்துக்குப் பயம் வேண்டாம், கணையமும் அமிலேஸ் சுரக்கிறது. ஆனால் மாத்திரையை நீங்களாகத் திடீரென்று நிறுத்தாதீர்கள். நெஞ்சுவலி, மாரடைப்பு வரைக்கும் கொண்டுபோய் விடும். கிளினிக்கில் சொல்லுங்கள்.

கேள்வி: படிவம் 5 மாணவி நான். பேச்சுப் போட்டி மேடையில் ஏறினால் வாய் காய்ந்து, எச்சில் பசை மாதிரி ஆகிறது. பாட்டியின் புரோப்ரனோலோல் ஒன்று போட்டுக்கொள்ளலாமா?

பதில்: கூடாதும்மா. பயத்தில் மூளை, தண்ணீர் ஊற வைக்கும் நரம்பை அடக்கிவிடுகிறது. நோர்அட்ரினலினோ புரதத்தை அனுப்பிக்கொண்டே இருக்கிறது. தண்ணீர் குறைந்து புரதம் மிஞ்சினால் பசைதானே? அட்ரினலினே வாயைக் காய வைக்கிறது என்று பலர் நினைப்பது சரியில்லை.

புரோப்ரனோலோலும் மெட்டோபுரோலோல் போன்ற மருந்துதான்; ஆனால் அது மூச்சுக் குழாயில் இருக்கும் பீட்டா-2 ஏற்பியையும் அடைக்கும். ஆஸ்துமா இருப்பவர்களுக்கு மூச்சே அடைத்துவிடலாம். பாட்டிக்கு எழுதிய மருந்து பாட்டிக்கு மட்டும். மேடை ஏறும் முன் தண்ணீரை மடக்கு மடக்காகக் குடி, போதும்.

கேள்வி: மகனுக்கு ஆஸ்துமா. சல்பூட்டமால் இன்ஹேலர் பாவிக்கிறான். பல் சொத்தை அதிகமாக வருகிறது.

பதில்: மூச்சுக் குழாயை விரிக்கும் இந்த இன்ஹேலரை நெடுநாள் பாவித்தால் எச்சில் குறையலாம். எச்சில் குறைந்தால் பல்லுக்குக் காவல் குறையும். இன்ஹேலரை நிறுத்த வேண்டாம். ஒவ்வொரு தடவையும் வாயைக் கொப்பளிக்கச் சொல்லுங்கள். ஸ்டீராய்டு இன்ஹேலரும் இருந்தால் கொப்பளிப்பது இன்னும் கட்டாயம், இல்லாவிட்டால் வாயில் வெள்ளைப் பூஞ்சை படியும். அப்புறம், இரவில் பல் துலக்கிய பிறகு மைலோ கொடுக்காதீர்கள்.