வீட்டு வண்டிக்கு ஏர் பலூன் மாற்றுவது: கேள்வி பதில்

பழைய ஆம்னி பஸ்ஸை வாங்கி, உள்ளே கட்டில், அடுப்படி, கழிப்பறை எல்லாம் வைத்துக் குடும்பத்தோடு ஊர் சுற்றுகிறவர்கள் தருமபுரி, கிருஷ்ணகிரி பக்கமும் இருக்கிறார்கள். நான் கிருஷ்ணகிரி பைபாஸ் ஓரத்து ஷெட்டில் 22 வருடம் பஸ்ஸுக்கு அடியில் படுத்துக் கிடந்தவன். அதனால் ஏர் சஸ்பென்ஷன் கேள்விகளை என்னிடம் தள்ளிவிட்டார்கள். ஆக்சிலுக்கும் வண்டியின் அடிச்சட்டமான சேஸுக்கும் நடுவில் இருந்து வண்டியைத் தாங்கும் காற்று நிறைந்த ரப்பர் பையை எங்கள் பக்கம் பலூன் என்போம். பார்ட்ஸ் கடையில் பெல்லோ என்று கேளுங்கள்.

காவேரிப்பட்டினத்திலிருந்து ஒருவர்: ராத்திரி நிறுத்தினால் காலையில் பின்பக்கம் இடதுபுறம் உட்கார்ந்துவிடுகிறது. இஞ்சினைப் போட்டால் எழுந்துவிடுகிறது. பலூன் போய்விட்டதா அண்ணா?

அதற்குள் பலூனைக் குற்றவாளி ஆக்காதீர்கள் தம்பி. ராத்திரி முழுக்க எடுத்துக்கொண்டு மெதுவாக இறங்கினால் பைப் ஜாயின்ட்டோ, வண்டி ஒரே உயரத்தில் நிற்கும்படி பலூனுக்குக் காற்றை ஏற்றி இறக்கும் லெவலிங் வால்வோகூட காரணமாக இருக்கலாம். காற்று முழுசாக ஏறியதும், சேஸுக்கு ஸ்டாண்டு கொடுத்துவிட்டு, சோப்புத் தண்ணீரை பிரஷ்ஷில் தொட்டு முதலில் ஜாயின்ட்டுகளில் அடியுங்கள், அப்புறம் வால்வின் காற்றுவிடும் துளை, கடைசியில் பலூனின் அடிமடிப்பு. வண்டி உட்கார்ந்திருக்கும்போது மடிப்புக்குள் இருக்கும் வெடிப்பு தெரியாது. உயரமாக நிற்கும்போது டார்ச் அடித்துப் பாருங்கள்.

அதிலும் பிடிபடவில்லை என்றால் கீழே சொல்லும் வரிசைப்படி ஸ்டாண்டு போட்டுக் காற்றை இறக்கிவிட்டு, பலூனுக்குப் போகும் பைப்பில் பலூனை ஒட்டி ஒரு மூடும் வால்வு போட்டு, மறுபடி காற்று ஏறியதும் அதை மூடி ஒரு ராத்திரி விட்டுப் பாருங்கள். அந்த மூலையில் இரண்டு பலூன் இருந்தால் இரண்டுக்கும் போடவேண்டும். அப்படியும் இறங்கினால் பலூன்தான். இறங்காவிட்டால் வால்வு அல்லது பைப். இந்த ஒரு சோதனை செய்யாமல் நல்ல பலூனைக் கழற்றிப் போட்டவர்கள் நிறையப் பேர். ஆரம்ப காலத்தில் நானும் போட்டிருக்கிறேன்.

பாலக்கோட்டிலிருந்து: வீட்டு வாசலிலேயே நானே மாற்றலாமா? ஜாக்கி இருக்கிறது.

மாற்றலாம். ஆனால் ஜாக்கி இருப்பது மட்டும் போதாது. வாசல் சிமெண்ட் தளமா, மண்ணா? மண் என்றால் அங்கே வேண்டாம். ஒருமுறை கிருஷ்ணகிரி அணைப் பக்கம் வழியில் நின்ற வண்டிக்கு அவசரத்தில் மண்ணிலேயே ஜாக்கி வைத்தேன். பலகை போட்டுத்தான் வைத்தேன், அதுவும் ஒரு பக்கமாகப் புதைந்து ஜாக்கி சாய்ந்தது. கை உள்ளே இல்லாததால் இதை எழுத முடிகிறது.

கணக்கைப் பாருங்கள். 25 செ.மீ. விட்டத்துக்கு வேலை செய்யும் ஒரு பலூனில் 5 பார் அழுத்தம் இருந்தால் அது தாங்குவது கிட்டத்தட்ட 2,500 கிலோ. அந்தக் காற்று போனால் அத்தனையும் கீழே வரும். அதனால் காற்றை நம்பியோ ஜாக்கியை மட்டும் நம்பியோ தலையை உள்ளே கொடுக்கக் கூடாது.

நான் செய்யும் வரிசை இது. எல்லாச் சக்கரத்துக்கும் முன்னும் பின்னும் கட்டை. இஞ்சின் ஆஃப், சாவி உங்கள் சட்டைப் பையில். சேஸைத் தூக்கி, வண்டி வழக்கமாக நிற்கும் உயரத்தில் இரண்டு பக்கமும் ஸ்டாண்டு. ஸ்டாண்டு சேஸுக்கு அடியில் இருக்கவேண்டும், பிளைவுட் தரைக்கு அடியில் அல்ல. ஷாக் அப்சார்பர் முழுசாக நீண்டு ஆக்சில் அதில் தொங்கும் அளவுக்குத் தூக்கக் கூடாது. இதற்கெல்லாம் பிறகுதான் லெவலிங் வால்வின் கம்பியைக் கழற்றவேண்டும். வால்வின் கையை எந்தப் பக்கம் சாய்த்தால் உஸ் என்று காற்று வெளியே போகிறதோ அந்தப் பக்கம் பிடித்து, சத்தம் நின்றதும் ஏர் டேங்கையும் திறந்து காலி செய்துவிடுங்கள். டேங்கில் மிச்சம் வைத்தால் கம்பி கொஞ்சம் அசைந்தாலும் காற்று மறுபடி பலூனுக்குள் வரும்.

பைப்பைக் கழற்று, நட்டைக் கழற்று, பலூனை அமுக்கி எடு. இது பத்து நிமிட வேலை. நட்டு துருப்பிடித்திருந்தால் அரை நாள்! அதனால் முந்தின நாளே துரு இளக்கும் எண்ணெய் விட்டு வையுங்கள். ரப்பரில் படாமல் துணி சுற்றிக்கொண்டு விடுங்கள்.

புதியதை மாட்டும்போது நட்டைக் கையால் மட்டும் பிடித்து வைத்து, பலூன் முறுக்கிக்கொள்ளாமல் இருக்கிறதா என்று பார்த்து, ஒரு பார் அளவுக்குக் காற்று விடுங்கள். மடிப்பு சுற்றிலும் ஒரே மாதிரி இறங்கி உட்காரும். அப்புறம் நட்டை இறுக்கலாம். கை வலுவையெல்லாம் காட்டவேண்டாம், ஸ்டட்டு தகட்டிலிருந்து பிய்ந்தால் புது பலூனே வீண். கையேட்டில் உள்ள டார்க் (இறுக்கும் அளவு) போதும். இன்னொன்று, காலி பலூன் மேல் வண்டியை இறக்காதீர்கள். ரப்பர் மடிந்து நசுங்கி அன்றைக்கே காயம்பட்டுவிடும். கொஞ்சம் காற்றோடுதான் இறக்கவேண்டும்.

அரூரிலிருந்து: புது பலூனை மாட்டும் முன் தரையில் வைத்துக் காற்றடித்து லீக் பார்க்கலாமா?

கூடவே கூடாது. மேலும் கீழும் பிடிப்பு இல்லாத பலூன் அளவு மீறி நீண்டு, அடிப்பாகம் பீரங்கிக் குண்டு மாதிரி தெறிக்கும்.

ஓசூரிலிருந்து ஓர் அம்மா: நாங்கள் கணவன் மனைவி இரண்டு பேரும் சேர்ந்து மாற்றினோம். இரண்டு வருடத்தில் இரண்டாம் முறையாக அதே பின்பக்க வலது பலூன் கிழிந்துவிட்டது. மட்டமான சரக்கை ஏமாற்றிக் கொடுத்துவிட்டார்களா?

இருக்கலாம் அக்கா. ஆனால் மற்ற மூலைகளில் அதே சரக்கு நன்றாக இருக்கிறது என்றால் நான் கடைக்காரரைத் திட்டமாட்டேன், அந்த மூலையைத்தான் சந்தேகப்படுவேன். உங்கள் தண்ணீர் டேங்க் எந்தப் பக்கம்? 300 லிட்டர் என்றால் 300 கிலோ. அதன் மேல் பேட்டரியும் வலதுபுறம்தான் என்றால், வண்டி நேராக நிற்பதற்காக வால்வு அந்தப் பக்கம் கூடுதல் அழுத்தம் கொடுத்துக்கொண்டே இருக்கும். பார்வைக்குச் சாய்வு தெரியாது. பலூனுக்குத்தான் தெரியும். எடை மேடையில் இடது சக்கரத்தைத் தனியாகவும் வலது சக்கரத்தைத் தனியாகவும் ஏற்றிப் பாருங்கள்.

அடுத்து, கிழிசல் எங்கே என்று பாருங்கள், அதுவே பாதிக் கதையைச் சொல்லும். பக்கவாட்டில் தேய்ந்து நூல் தெரிந்தால் ஏதோ உரசுகிறது. இந்த மாதிரி மாற்றிய வண்டிகளில் டேங்க் தாங்க வெல்டு வைத்த ஆங்கிள், தொங்கும் ஒயர், கேஸ் பைப் இதெல்லாம் பலூனை ஒட்டியே ஓடுவதைப் பார்த்திருக்கிறேன். காற்று நிறைந்து உப்பிய நிலையிலும் சுற்றிலும் ஓர் அங்குலம் இடம் வேண்டும். மேல் தகட்டை ஒட்டிப் பிய்ந்திருந்தால் அதிகமாக நீண்டிருக்கிறது: ஷாக் அப்சார்பர் செத்திருக்கும், அல்லது வால்வுக் கம்பி வளைந்து வண்டி உயரமாக நிற்கும். ஊசி குத்தினாற்போல் பொட்டுப் பொட்டாக ஓட்டை என்றால் வெல்டிங் பொறி. கேபின் வேலை செய்தவர்கள் பலூனை ஈரச் சாக்கால் மூடாமல் வெல்டு வைத்திருப்பார்கள்.

காரணத்தைக் கண்டுபிடிக்காமல் மாட்டினால் மூன்றாவதும் போகும்.

பர்கூரிலிருந்து: ஒன்று போனால் ஒன்று மாற்றினால் போதாதா? ஜோடியாக மாற்றச் சொல்வது வியாபாரம்தானே?

பாதி வியாபாரம், பாதி உண்மை. கல் குத்தி ஒன்று கிழிந்தது, மற்றது புதுசு என்றால் ஒன்று போதும். வயதாகி வெடித்தது என்றால் பக்கத்துப் பலூனுக்கும் அதே வயதுதான், அதே ஆக்சிலில் இரண்டையும் மாற்றுங்கள். வாங்கும்போது ரப்பரில் அச்சிட்ட பார்ட் எண்ணையும் தயாரித்த தேதியையும் பாருங்கள். அலமாரியில் வருடக்கணக்கில் கிடந்த ரப்பர் புதுசு ஆகாது.

தருமபுரியிலிருந்து: ஜாயின்ட்டில் டெஃப்லான் டேப் சுற்றலாமா?

பிளாஸ்டிக் பைப் உள்ளே செருகும் இடத்தில் எதுவுமே வேண்டாம். பைப்பை நேராக, பிசிறில்லாமல் வெட்டிச் செருகினால் போதும். மரை உள்ள இடத்தில் பசை சீலன்ட் நல்லது. டேப்பின் துணுக்கு உள்ளே போனால் வால்வில் மாட்டிக்கொண்டு, இல்லாத நோயெல்லாம் காட்டும்.

ஊத்தங்கரையிலிருந்து: மாற்றிய பிறகு முன்பக்கம் ஒரு பக்கமாகச் சாய்ந்து நிற்கிறது. முன் வால்வை எவ்வளவு திருப்பினாலும் சரியாகவில்லை.

ஆகாது. பெரும்பாலான பஸ்களில் வால்வு மூன்றுதான். முன்னால் ஒன்று, பின்னால் இரண்டு என்பதே வழக்கமான அமைப்பு. நாலு கால் கட்டில் மேடுபள்ளத்தில் ஆடும், முக்காலி ஆடாது. அதே யோசனைதான். முன்னால் இரண்டு பலூனும் ஒரே வால்வில் சேர்ந்திருப்பதால் இடது வலது சாய்வை அது திருத்த முடியாது. முன் சாய்வுக்கும் மருந்து பின் வால்வுகளில்தான். சமதரையில் காற்று நிறைந்த பிறகு ஆக்சிலிலிருந்து சேஸ் வரை இரண்டு பக்கமும் டேப் பிடித்து அளந்து, பின்பக்கக் கம்பியைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்புங்கள்.

பென்னாகரத்திலிருந்து: ஓட்டும்போது பலூன் வெடித்தால் பிரேக்கும் போய்விடுமா? தொப்பூர் கணவாயை நினைத்தாலே பயமாக இருக்கிறது.

பயம் நல்லதுதான், சேலம் நோக்கி இறங்கும்போது அங்கே வண்டிகள் படும் பாடு தெரியும். சஸ்பென்ஷன் காற்றும் பிரேக் காற்றும் ஒரே கம்ப்ரஸரிலிருந்து வந்தாலும் நடுவில் பாதுகாப்பு வால்வு இருக்கிறது. ஒரு பக்கம் காற்று ஓடினால் பிரேக் பக்கத்தைக் குறிப்பிட்ட அழுத்தத்துக்குக் கீழே போகவிடாமல் காக்கும். ஆனால் அந்த வால்வு ஒழுங்காக இருக்கவேண்டும். வண்டியை மாற்றும்போது ஏர் ஹாரன், ஏர் கதவு என்று எதையாவது பிரேக் டேங்கிலிருந்தே இழுத்திருந்தால் முதலில் அதைப் பிரியுங்கள்.

வெடித்தால் உள்ளே இருக்கும் ரப்பர் கட்டை மேல் வண்டி உட்காரும். மீட்டரில் காற்று நிற்கிறதா என்று பார்த்துக்கொண்டே ஓரம் கட்டுங்கள். கணவாயில் இறங்கும் எண்ணம் அன்றைக்கு வேண்டாம்.

தேன்கனிக்கோட்டையிலிருந்து: என்னுடையது டெம்போ டிராவலர், பின்னால் பலூன் இல்லை, இரும்புப் பட்டை ஸ்பிரிங்தான். துணை பலூன் வைத்தால் கூடுதல் எடை ஏற்றலாமா?

வைக்கலாம், பின்பக்கம் தொங்காது, அலைச்சலும் குறையும். ஏற்றலாம் என்று அனுமதித்த எடை மட்டும் அதிகமாகாது. டயர், பிரேக், ஆக்சில் எல்லாம் பழையதுதானே.

காரிமங்கலத்திலிருந்து: வாட்டர் சர்வீஸ் முடிந்து அடியில் டீசல் ஸ்பிரே அடிக்கிறார்கள். பலூனுக்கு நல்லதா?

பட்டை வண்டிக்கு வந்த பழக்கம் அது. டீசல் ரப்பரை ஊறவைத்துக் கெடுக்கும். பலூனுக்குச் சோப்புத் தண்ணீர் மட்டும் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். தெரியாமல் அடித்துவிட்டால் அன்றைக்கே கழுவுங்கள். அப்படியே, புது பலூன் மாட்டியவர்கள் 100 கிலோமீட்டர் ஓடியதும் நட்டை ஒருமுறை பார்த்துவிடுங்கள்.