எதிர்க்காதது சம்மதம் ஆகாது

அன்புள்ள சகோதரிக்கு,

பாலியல் வன்கொடுமைக்கு ஆளான, கல்லூரி முடித்த உங்கள் தங்கை அப்போது பயத்தில் உறைந்துபோய்க் கத்தவில்லை, அதைச் செய்த ஆளோடு முன்பு பழகியும் இருக்கிறாள், ஆகவே புகார் நிற்காது என்று உறவினர்கள் தடுப்பதாக எழுதியிருந்தீர்கள். தயவுசெய்து அந்தப் பேச்சுக்குக் காது கொடுக்காதீர்கள்.

1978இல், மதுரா என்ற பழங்குடிப் பெண் காவல் நிலையத்தில் வன்கொடுமைக்கு ஆளானதாகத் தொடரப்பட்ட வழக்கில், உடலில் காயமில்லை, எதிர்க்கவில்லை என்று காட்டி உச்ச நீதிமன்றம் இரு காவலர்களை விடுவித்தது உண்மைதான். அதை எதிர்த்துப் பெண்கள் நடத்திய போராட்டமே பாலியல் வன்கொடுமைச் சட்டத்தின் 1983 திருத்தத்துக்கு வழிவகுத்தது. 2013 திருத்தம் இன்னும் தெளிவானது: சொல்லாலோ சைகையாலோ வேறு வகையிலோ அந்தக் குறிப்பிட்ட செயலுக்குத் தானாக முன்வந்து ஐயமின்றி இசைவு தெரிவிப்பதே சம்மதம் என்றும், உடலால் எதிர்க்கவில்லை என்ற ஒரே காரணத்தால் சம்மதித்ததாகக் கருதக் கூடாது என்றும் அது எழுதியே வைத்தது. 2024 ஜூலை 1 முதல் நடப்பிலுள்ள புதிய குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 63ஆவது பிரிவிலும் இதே விளக்கம் இருக்கிறது. முன்பு யாரோடு உறவு இருந்திருந்தாலும், அவரோடேயே இருந்திருந்தாலும், அதைக் கொண்டு சம்மதத்தை நிறுவ சாட்சியச் சட்டம் இடம் தருவதில்லை.

அன்று அவள் உடுத்தியிருந்த துணிகளைத் துவைக்காமல் காகித உறையில் எடுத்து வையுங்கள். அரசு மருத்துவமனையோ தனியார் மருத்துவமனையோ, இலவசமாகச் சிகிச்சை தந்தாக வேண்டும். பிறப்புறுப்பில் விரல் விட்டுப் பார்க்கும் ‘இரு விரல் சோதனை’ செய்ய முற்பட்டால் மறுத்துவிடுங்கள், 2022இல் உச்ச நீதிமன்றம் அதைக் கண்டித்துத் தடுத்திருக்கிறது. சம்பவம் தங்கள் எல்லைக்குள் நடக்கவில்லை என்று காரணம் காட்டி எந்தக் காவல் நிலையமும் புகாரைத் தட்டிக்கழிக்க முடியாது. அவள் வாக்குமூலத்தைப் பெண் அதிகாரிதான் பதிவு செய்ய வேண்டும். துணைக்கு ஆள் வேண்டுமென்றால் பெண்களுக்கான உதவி எண் 181ஐ அழையுங்கள்.