எந்த மரம் காத்திருக்கும், எது காத்திருக்காது?

கஜா புயலில் என் தோப்பு சாய்ந்ததைப் போன இதழில் போகிற போக்கில் சொல்லியிருந்தேன். வந்த கடிதங்களில் பாதி, "சாய்ந்ததை எப்படி எடுத்தீர்கள்?" என்றுதான் கேட்கின்றன. அதனால் இந்த முறை உரம், பூச்சி மருந்துக் கேள்விகளுக்கு விடுமுறை. மரம், மிலாறு என்கிற சிறு கிளை சுள்ளி, முள் மட்டும்.

கேள்வி: போன மாதம் அடித்த காற்றில் வீட்டுக் கொல்லையில் ஏழு தென்னை விழுந்துவிட்டது. வெட்டி எடுக்கக் கேட்கிற கூலி கட்டுப்படியாகவில்லை. அப்படியே மக்கி எருவாகட்டும் என்று விட்டுவிடலாமா?
– பேராவூரணிப் பக்கமிருந்து ஒரு வாசகர்

வேம்போ பூவரசோ என்றால், "கிடக்கட்டும் விடுங்கள், மரம் எங்கேயும் ஓடிப் போகாது" என்று சொல்லியிருப்பேன். தென்னைக்கு அப்படிச் சொல்ல மாட்டேன். நானே விட்டுப் பார்த்து வாங்கிக் கட்டிக்கொண்டவன்.

2018 நவம்பர் 16 விடியற்காலையில் புயல் வேதாரண்யம் பக்கம் கரையேறியது. விடிந்து போய்ப் பார்த்தால் எங்கள் தோப்பில் நூற்றுப் பத்து மரத்தில் முப்பத்தொன்றுதான் நின்றது. அப்போது அரசாங்கம் மரத்துக்கு 1,100 ரூபாய் நிவாரணம் அறிவித்தது. அதில் 600 மரத்துக்கு, 500 அதை வெட்டி அப்புறப்படுத்த. விழுந்த மரத்தை எடுக்க இவ்வளவா என்று டீக்கடையில் உட்கார்ந்து நக்கலடித்தேன். களத்திலும் பாதையிலும் கிடந்ததை எடுத்துவிட்டு, வாய்க்கால் ஓரத்துப் பதினாலு தடிகளைக் கண்டுகொள்ளாமல் விட்டேன்.

அடுத்த ஆடியில் அதில் ஒரு தடியைக் கடப்பாரையால் நெம்பினேன். பட்டை மேலே முறுக்காகத்தான் இருந்தது. உள்ளே கடப்பாரை சத்தமில்லாமல் இறங்கிற்று. பிளந்தால், ஈரமான காப்பித்தூள் மாதிரி மக்கல். அதற்குள் கட்டைவிரல் பருமனில் வெள்ளை வெள்ளையாகப் புழுக்கள், தலை மட்டும் செம்பழுப்பு, வெளிச்சம் பட்டதும் சுருண்டுகொண்டன. ஒரு முழ நீளத்தில் இருபத்து மூன்று எண்ணினேன். அதற்குமேல் எண்ணக் கோழிகள் விடவில்லை.

அதுதான் காண்டாமிருக வண்டின் புழு. மக்குகிற தென்னந்தடியிலும் எருக்குழியிலும் வண்டு முட்டையிடும். புழு அங்கேயே மூன்றிலிருந்து ஆறு மாதம் தின்று வளரும். வண்டானதும் நேரே பறந்து, நிற்கிற மரத்தின் விரியாத குருத்தைத் துளைக்கும். அந்த மட்டை விரியும்போது பார்த்தால் யாரோ கத்தரிக்கோலால் முக்கோணம் முக்கோணமாக வெட்டின மாதிரி இருக்கும். துளைத்த புண்ணைத் தேடி அடுத்து சிவப்புக் கூன்வண்டு வரும். அது வந்தால் பெரும்பாலும் மரம் போய்விடும். புயலுக்குத் தப்பிய முப்பத்தொன்றில் நாலு மரத்தை இப்படித்தான் நானே கொன்றேன்.

ஆகவே கூலி இல்லையென்றாலும் இதை மட்டுமாவது செய்யுங்கள். தடிகளை மூன்றடித் துண்டுகளாக்கி, நீளவாக்கில் பிளந்து, மண்ணில் படாமல் வெயிலில் அடுக்குங்கள். காய்ந்த சிராயில் புழு பிழைக்காது, அடுப்புக்கும் ஆகும். முப்பது நாற்பது வயதைத் தாண்டிய மரமாக இருந்தால் அடிப்பக்கத்தின் வெளிவட்டம் வைரம் பாய்ந்திருக்கும். மரவாடியில் கேளுங்கள், கொட்டகைக்குச் சட்டம் அறுத்துக் கொடுப்பார்கள். அடிக்கட்டையைத் தோண்டி எடுங்கள், அதுவும் வண்டுக்கு வீடுதான். ஓலை, மட்டைக்குக் கூலி கொடுத்து வண்டி ஏற்ற வேண்டாம். முடைந்தது போக மிச்சத்தை நிற்கிற மரங்களின் பாத்தியில் மூடாக்காகப் பரப்பிவிடுங்கள்.

நிற்கிற இளங்கன்றுகளுக்கு வேப்பங்கொட்டைத் தூள் ஒரு பங்கு, மணல் இரண்டு பங்கு கலந்து, மரத்துக்கு 150 கிராம் வீதம் குருத்தை ஒட்டிய மூன்று மட்டை இடுக்கில் போடுங்கள். வருடத்துக்கு மூன்று தடவை. அப்புறம், காற்றில் ஒடிந்து தொங்கும் பச்சை மட்டையை மரத்தோடு ஒட்ட அரியாதீர்கள். நாலடி விட்டு வெட்டுங்கள். ஒட்ட வெட்டின பச்சைப் புண்தான் கூன்வண்டுக்கு வெற்றிலை பாக்கு வைத்து அழைக்கிற மாதிரி.

கேள்வி: சாய்ந்த மரத்தின் கிளை, முள், செத்தை எல்லாம் வீட்டுக்குப் பின்னால் ஆளுயரத்துக்குக் குவிந்து கிடக்கிறது. போன வாரம் அதற்குள் ஒரு பாம்பு போனதைப் பார்த்தேன். கொளுத்திவிடு என்கிறார் மாமியார். பயமாக இருக்கிறது. என்ன செய்ய?
– ஒரத்தநாட்டிலிருந்து ஒரு வாசகி

மாமியாரிடம் என் வணக்கத்தைச் சொல்லிவிட்டு, தீப்பெட்டியை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள் அம்மா. கொளுத்தினால் பாம்பு உள்ளேயே உட்கார்ந்து வேகாது. எந்தப் பக்கம் சூடு இல்லையோ அந்தப் பக்கம் வரும். உங்கள் கடிதப்படி அந்தப் பக்கம் அடுப்படி. குவியலுக்கு மேலே வேப்பங்கிளை இருக்கிறது என்றும் எழுதியிருக்கிறீர்கள். அதுவும் கருகும். பக்கத்து வீட்டில் கீற்றுக் கொட்டகை இருந்தால் கேட்கவே வேண்டாம்.

இன்னொன்று. அந்தக் குவியலில் அரளிக் கொப்பு கலந்திருக்கிறதா என்று பாருங்கள். அரளியை எரித்தால் புகையும் விஷம். அதன் குச்சியை வெந்நீர் அடுப்பில்கூட வைக்கக் கூடாது.

நாங்கள் செய்தது இது. நல்ல வெயில் ஏறிய பிறகு, காலை பத்து மணி வாக்கில் இரண்டு ஆள் இறங்கினோம். காலில் முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ், கையில் ஏழெட்டு அடி நீளத்தில் ஒரு கவைக்கம்பு. முதலில் குவியலைச் சுற்றி வந்து தரையை நன்றாகத் தட்டினோம். பாம்புக்கு அதிர்வு தெரியும், போக வழி விட்டால் போய்விடும். வீட்டுப் பக்கம் நாங்கள் நின்றுகொண்டு வேலிப் பக்கத்தைத் திறந்து விட்டோம். பிறகு மேலிருந்து ஒவ்வொரு கொப்பாகக் கவையால் கோத்து இழுத்தோம். கை உள்ளே போகவே கூடாது, அடியில் கிடக்கும் ஒரு விறகுக்கு ஆசைப்பட்டுக்கூட. கடைசி ஒரு முழ உயரம் இருக்கும்போதுதான் அதிகக் கவனம் வேண்டும். ஈரச் செத்தையும் எலி வளையும் அங்கேதான் இருக்கும். எங்களுக்கு அன்று அகப்பட்டது ஒரு சாரையும் மூன்று தேளும்.

கட்டுவிரியன் இரவில் நடமாடுவது. பொழுது சாய்ந்தபின், "இன்னும் கொஞ்சம்தான்" என்று தொடராதீர்கள். அப்படியும் கடித்துவிட்டால் கீறுவது, உறிஞ்சுவது, கயிற்றால் இறுக்கிக் கட்டுவது எதுவும் வேண்டாம். கடிபட்ட கையையோ காலையோ அசைக்காமல் 108க்குக் கூப்பிட்டு அரசு மருத்துவமனைக்குப் போங்கள். விஷமுறிவு மருந்து அங்கே இருக்கிறது, மந்திரிப்பவரிடம் இல்லை.

கேள்வி: பெரிய பூவரசு ஒன்று வேரோடு பாதி பெயர்ந்து மாட்டுக் கொட்டகை மேல் சாய்ந்திருக்கிறது. மகன் மெஷின் வாடகைக்கு எடுத்து தானே அறுத்துவிடுகிறேன் என்கிறான். விடலாமா?
– மன்னார்குடியிலிருந்து ஒரு தகப்பனார்

விடாதீர்கள். தரையில் கிடக்கும் தடியை அறுப்பது வேறு, தாங்கிக்கொண்டு நிற்கும் மரத்தை அறுப்பது வேறு.

எங்கள் வீட்டிலும் பூவரசுதான். பெயர்ந்த வேர் ஆளுயரத்துக்கு மண்ணோடு தட்டு மாதிரி நிமிர்ந்து நிற்க, அடியில் பெரிய குழி. நிழலாக இருக்கிறதே என்று அந்தக் குழிக்குள் தண்ணீர்ச் செம்பை வைத்திருந்தேன். எங்கள் ஊர் மரம் வெட்டும் பெரியவர் தலைப்பக்கத்துக் கிளைகளை எல்லாம் கழித்துவிட்டு, தண்டில் வாளை வைக்கும் முன் என்னைப் பார்த்து, "குழியில யாரும் இல்லையே?" என்றார். இல்லை என்றேன். தண்டு அறுந்து விழுந்த அடுத்த நொடி, அந்த வேர்த்தட்டு படீரென்று திரும்பி உட்கார்ந்தது. குழி மூடிவிட்டது. அதில் அரை மணி நேரத்துக்கு முன்னால் எங்கள் ஆட்டுக்குட்டி ஒன்று படுத்திருந்தது. செம்பு இன்றைக்கும் உள்ளேதான் இருக்கிறது.

சாய்ந்த தண்டின் கனம்தான் அந்த வேரைத் தூக்கிப் பிடித்துக்கொண்டிருக்கிறது. கனம் போனால் வேர் திரும்பும். தெரிந்தவர்கள் வேரை ஒட்டி அறுக்க மாட்டார்கள், சில அடி தண்டை விட்டுத்தான் அறுப்பார்கள். வில்லாக வளைந்து மாட்டியிருக்கும் கிளையும் அப்படியே. ஓர் அறுப்பில் விடுபட்டு ஆளை அடிக்கும். மெஷினும் லேசுப்பட்டதல்ல. வாளின் நுனி மரத்தில் பட்டால் முகத்தை நோக்கி எம்பும். மகனுக்கு ஆசையாக இருந்தால், இறக்கிப் போட்ட தடியைத் துண்டு போடட்டும். வேட்டி, துண்டு வேண்டாம், தனியாகவும் வேண்டாம். மின்கம்பி எங்காவது தொட்டுக்கொண்டிருந்தால் மின்வாரியத்து ஆள் வந்து மின்சாரத்தை நிறுத்தியதை உறுதி செய்யும்வரை இலையைக்கூடத் தொடாதீர்கள்.

கேள்வி: வெட்டிய வேப்பமரத்தின் அடிக்கட்டை வாசலிலேயே நிற்கிறது. துளை போட்டுப் பெருங்காயம் வைத்தால் பட்டுப்போகும் என்கிறார்களே?
– திருச்சியிலிருந்து ஒரு வாசகி

பெருங்காயத்தைச் சாம்பாரோடு நிறுத்திக்கொள்ளுங்கள். உப்பும் ஆசிட்டும் ஊற்றச் சொல்வார்கள், அது மண்ணையும் கிணற்றையும் கெடுக்கும். சுற்றிலும் இரண்டடி தோண்டி, இரண்டு நாள் தண்ணீர் விட்டு ஊறவைத்து, பக்கவேர்களைக் கோடாரியால் துண்டித்தால் பாதி வேலை முடிந்தது. சுவரிலிருந்து தள்ளி இருக்கிறதென்றால் விட்டுவிடுங்களேன். மேலே ஒரு பலகையை அடித்தால் திண்ணை ஆயிற்று. சுவரை ஒட்டி இருந்தால் எடுத்தே ஆக வேண்டும், மக்கும்போது கறையான் ஏறும்.

கேள்வி: தாத்தா வைத்த பலாமரம் விழுந்துவிட்டது. விறகுக்கடைக்காரர் மொத்தமாக எடுத்துக்கொள்கிறேன் என்கிறார். கொடுத்துவிடலாமா?
– பண்ருட்டியிலிருந்து ஒரு வாசகர்

பண்ருட்டியில் இருந்துகொண்டு இதைக் கேட்கிறீர்களே தம்பி! தஞ்சாவூர் வீணை பலாவில்தான் செய்கிறார்கள். மிருதங்கத்துக்கும் பலாதான். 2011 டிசம்பர் 30இல் தானே புயல் அடித்தபோது கடலூர் மாவட்டத்தில் விழுந்த பலாவுக்கும் முந்திரிக்கும் கணக்கில்லை. அவசரத்தில் நல்ல தடிகளும் அடுப்புக்குப் போயின.

இது காத்திருக்கும் மரம். கிளைகளை மட்டும் கழித்து, நேரான அடித்தண்டைத் துண்டு போடாமல் விடுங்கள். வெட்டுப்பட்ட இரண்டு முனையிலும் மெழுகோ மிச்சம் கிடக்கும் பெயின்ட்டோ பூசுங்கள். இல்லையென்றால் முனை சீக்கிரம் காய்ந்து வெடிப்பு விடும். கீழே கல் கொடுத்து, நிழலில் போடுங்கள். அந்தக் காலத்தில் மரத்தைக் குளத்தில் மாதக்கணக்கில் ஊறப்போடுவார்கள். மரத்தின் மாவுச்சத்து கரைந்துபோனால் உளு என்கிற மரம் துளைக்கும் பூச்சி அரிக்காது என்பதற்காக. உங்களுக்குக் குளமும் பொறுமையும் இருந்தால் செய்யலாம். உள்வைரம் மஞ்சளாக இருக்கிறதா என்று மரவாடிக்காரரையோ ஆசாரியையோ கூட்டி வந்து காட்டிவிட்டு, அப்புறம் விறகுக்கடைக்காரரிடம் பேசுங்கள்.

கேள்வி: மனையில் மண்டிக் கிடந்த சீமைக் கருவேலத்தை வெட்டிப் போட்டோம். இந்த முள்ளை எப்படித்தான் அள்ளுவது?
– முதுகுளத்தூரிலிருந்து ஒரு வாசகர்

உங்கள் ஊர்க்காரர்களுக்கு நான் சொல்வதா! தூர் பருமனாக இருந்தால் கரிமூட்டம் போடுகிறவர்கள் எடுத்துக்கொள்வார்கள். முள்ளைக் கொப்பு கொப்பாக இழுக்காதீர்கள், வழியெல்லாம் சிந்தும், சைக்கிள் டயர் தாங்காது. ஒன்றன்மேல் ஒன்று அடிப்பக்கம் ஒரே திசையில் வைத்து, கவைக்கம்பால் அழுத்தி மிதித்தால் ஒன்றோடொன்று கவ்விக்கொண்டு கட்டு மாதிரி ஆகும். கம்பைக் குத்தி அப்படியே உருட்டலாம். தரைமட்டத்தில் வெட்டினால் மழை வந்ததும் துளிர்த்துவிடும், தூரோடு பெயர்த்துவிடுங்கள். காயை ஆடு தின்னாமல் பார்த்துக்கொள்ளுங்கள், அது போகிற இடமெல்லாம் விதைத்துவிட்டு வரும்.

கேள்வி: "விறகை நானே எடுத்துக்கொள்கிறேன், கூலி வேண்டாம்" என்று மரம் வெட்டுபவர் சொல்கிறார். ஒத்துக்கொள்ளலாமா?
– கும்பகோணத்திலிருந்து ஒரு வாசகி

ஒத்துக்கொள்ளலாம், ஆனால் கோடாரி விழும்முன் மூன்று விஷயத்தைப் பேசிவிடுங்கள்: மிலாறை யார் எடுப்பது, அடிக்கட்டையை யார் தோண்டுவது, குழியை யார் மூடுவது. பேசாமல் விட்டால் தடி மட்டும் வண்டியேறும். எங்கள் வீட்டில் அப்படி விட்டுப்போன மிலாறு வைக்கோற்போர் உயரம் இருந்தது. நான் இரண்டு நாள் கத்தினேன். என் மனைவி ஒன்றும் சொல்லாமல் அதை ஒடித்து ஒடித்துக் கட்டி மாட்டுக் கொட்டகைப் பரணில் ஏற்றினாள். இரண்டு வருடம் அதில்தான் வெந்நீர் போட்டோம்.