உபுண்டுவில் வை-ஃபை தெரியவில்லையா? கடைக்காரருக்குப் பணம் கொடுக்குமுன்

கேள்வி: உப்புவெளியில் தனியார் வகுப்பு நடத்தும் ஆசிரியை நான். பழைய மடிக்கணினியில் உபுண்டு என்ற லினக்ஸ் இயங்குதளத்தை நிறுவியபின் வை-ஃபை தெரியவில்லை. உள்ளே இருப்பது பிராட்காம் நிறுவனத்தின் வை-ஃபை அட்டை என்றும், லினக்ஸில் கம்பனி டிரைவர் (அட்டையை இயக்கும் மென்பொருள்) போடுவது சட்டப்படி குற்றம் என்றும் சொல்லும் கடைக்காரர் ஒருவர், டிரைவர் சீடி தரவோ விண்டோஸ் போட்டுத் தரவோ பணம் கேட்கிறார். என்ன செய்யலாம்?

பதில்: ஒரு சதமும் கொடுக்காதீர்கள். திறந்த மூல இயங்குதளத்தில் மூலநிரல் வெளியிடப்படாத மூடிய டிரைவரைப் பயன்படுத்துவது குற்றமல்ல. உபுண்டுவே அதைத் தன் களஞ்சியத்தில் (இணைய மென்பொருள் கிடங்கில்) இலவசமாக வைத்திருக்கிறது. கைத்தொலைபேசியை வயரால் மடிக்கணினியுடன் இணைத்து, தொலைபேசியில் யூஎஸ்பி டெதரிங்கை இயக்கினால் இணையம் கிடைத்துவிடும். பிறகு 'அடிஷனல் டிரைவர்ஸ்' என்ற செயலியைத் திறந்து, பிராட்காம் வரியைத் தெரிவுசெய்து, மாற்றத்தை உறுதிப்படுத்துங்கள்.

பலர் தடுமாறும் இடம் இதற்குப் பின்னர்தான் வருகிறது. உங்கள் கணினியில் 'செக்யூர் பூட்' (நம்பகமான மென்பொருளை மட்டும் தொடங்கவிடும் பாதுகாப்பு) இயங்கினால், நிறுவும்போதே ஒரு கடவுச்சொல் கேட்கப்படும். குறைந்தது எட்டு எழுத்துகள் தேவை என்பதால் எட்டு இலக்கங்களைக் கொடுத்து, தாளில் குறித்துக்கொள்ளுங்கள். கணினி மீண்டும் தொடங்கும்போது ஒரு நீலத் திரை சில விநாடிகளே காத்திருக்கும். அதற்குள் ஏதாவது ஒரு விசையை அழுத்தி, 'என்ரோல் மொக்', 'கன்டினியூ', 'யெஸ்' என்று வரிசையாகத் தெரிவுசெய்து, அதே இலக்கங்களைத் தட்டுங்கள். தட்டுவது திரையில் தெரியாது, பதற வேண்டாம். அந்தத் திரையைத் தவறவிட்டால், டிரைவர் நிறுவப்பட்டிருந்தும் வை-ஃபை வராது. 'லினக்ஸ் சரிவராது' என்று கணினியைத் தூக்கிக்கொண்டு கடைக்கு ஓடுபவர்களில் பலர் இந்த ஒரு திரையைத் தவறவிட்டவர்களே. அப்படி நேர்ந்தால், கணினி தொடங்கும்போது திறக்கக்கூடிய பயோஸ் அமைப்பில் செக்யூர் பூட்டை நிறுத்தினாலும் போதும்.

அந்தச் சீடியைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். அத்தகைய சீடிகளில் பெரும்பாலும் இருப்பவை விண்டோஸ் டிரைவர்கள். அவை உபுண்டுவில் நேரடியாக ஓடமாட்டா. உரிமம் வாங்காமல் பூட்டு உடைத்துப் போடப்படும் விண்டோஸ்தான் உண்மையான சட்டமீறல். இலங்கையின் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்க புலமைச் சொத்துச் சட்டம் கணினி மென்பொருளையும் பாதுகாக்கிறது. அந்தப் பூட்டை உடைக்கும் கருவிகள் பெரும்பாலும் வைரஸ் தடுப்பை நிறுத்தச் சொல்பவை. உங்கள் மாணவர்களின் விபரங்களும் வங்கிக் கணக்கும் இருக்கும் கணினியில் அதை அனுமதிப்பீர்களா?

எனக்குப் பொறுக்க முடியாதது, இந்தச் சிக்கலை உண்டாக்கியவர்களே அதைத் தீர்க்காமல் விட்டுவிடுவதுதான். பிராட்காம் தன் லினக்ஸ் டிரைவரின் கடைசிப் பதிப்பை 2015இல் வெளியிட்டது, அதன் முழு மூலநிரலையும் தரவில்லை. ஆகவே கேர்னல் (லினக்ஸின் மையப் பகுதி) புதுப்பிக்கப்படும்போது வை-ஃபை மறுபடி நின்றுபோகக்கூடும். அப்போதும் மேலே சொன்ன டெதரிங் வழியே கைகொடுக்கும்.

அடுத்த முறை மடிக்கணினி வாங்கும்போது உபுண்டு உள்ள பென் டிரைவ் ஒன்றைக் கொண்டுபோய், நிறுவாமலே இயக்கி, வை-ஃபை தெரிகிறதா என்று கடை மேசையிலேயே பார்த்துவிட்டுப் பணத்தை எண்ணுங்கள்.