துருப்பிடித்த எக்சோஸுக்கு ஒட்டுப் போடலாமா, புதிதாக மாற்றிவிடலாமா?

தோட்டத்தில் ஓட்டும் கப்சாய் மோட்டாரின் (சின்ன மோட்டார் சைக்கிள்) எக்சோஸ், அதாவது புகைக்குழாய், அடியில் துருப்பிடித்து ஓட்டை விழுந்துவிட்டது, வெல்டிங் வைத்தால் போதுமா என்று கேட்டிருக்கிறீர்கள். நான் மலேசியாவில், பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்காரன். அப்பா தோட்டத்தில் செம்பனைக்கு (எண்ணெய்ப் பனை) உரம் போட்டவர். அவருடைய மோட்டாரைத்தான் இன்றும் ஓட்டுகிறேன். அதற்கு இதுவரை இரண்டு முறை ஒட்டுப் போட்டிருக்கிறேன். ஒன்று நிலைத்தது, ஒன்று ஆறே வாரத்தில் போய்விட்டது.

எக்சோஸ் பெரும்பாலும் உள்ளிருந்துதான் அரிக்கும். பெட்ரோல் எரியும்போது நீராவியும் உண்டாகிறது. ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர். தொலைதூரம் ஓடினால் குழாய் நன்றாகச் சூடேறி ஆவி முழுவதும் வெளியே போய்விடும். நம் ஓட்டம் அப்படியா? விடியுமுன் லயத்திலிருந்து (தொழிலாளர் வரிசை வீடுகள்) பெரட்டுக்கு (காலையில் ஆள் கணக்கெடுக்கும் இடம்) 5 நிமிடம், அங்கே நிறுத்தம், அப்புறம் வேலைக்காட்டுக்கு இன்னொரு 5 நிமிடம். மஃப்ளர் (எக்சோஸில் சத்தத்தைக் குறைக்கும் உருளை) சூடேறவே நேரமில்லை. ஆவி உள்ளேயே குளிர்ந்து, புகையில் உள்ள அமிலத்தோடு சேர்ந்து அடியில் தேங்கிவிடும். காலையில் ஸ்டார்ட் செய்ததும் பின்வாயில் கறுப்பாகச் சொட்டுகிறதே, அந்தத் தண்ணீர்தான்.

வெளியிலிருந்து அரிப்பது உரம். செம்பனைக்குப் போடும் பொட்டாஷில் குளோரைடு இருக்கிறது. இரும்புக்கு அது உப்பு மாதிரி. அப்பா வீடு திரும்பியதும் தன் காலைக் கழுவுமுன் மோட்டாரின் அடியைத்தான் கழுவுவார்.

சரி, உங்கள் எக்சோஸைப் பார்ப்போம். நன்றாக ஆறிய பிறகு கழற்றிக் கவிழ்த்து வைத்து, ஸ்க்ரூட்ரைவர் கைப்பிடியால் முனைக்கு முனை தட்டிப் பாருங்கள். நல்ல தகடு கணீரென்று ஒலிக்கும், செத்த தகடு மொத்தென்று கேட்கும். மொத்தென்ற இடத்தில் ஸ்க்ரூட்ரைவர் முனையை வைத்து அழுத்துங்கள். நான் பார்த்தபோது வெளியே தெரிந்தது கடலைப்பருப்பு அளவு ஓட்டைதான். அழுத்த அழுத்த ஓரமெல்லாம் அப்பளம் போல நொறுங்கி, தேயிலைத் தூளாகத் தரையில் கொட்டியது. கடைசியில் உள்ளங்கை அகலத்துக்குத் தகடே இல்லை. பிடிவாதமாக அதன் மேல்தான் ஒட்டுப் போட்டேன். ஒட்டு அப்படியே இருக்க, அதன் ஓரத்தில் பழைய தகடு கிழிந்தது. நிலைத்த ஒட்டு முன்வளைவில், கல் பட்டு விழுந்த ஓட்டைக்குப் போட்டது. சுற்றிலும் கெட்டியான இரும்பு, அதனால் வெல்டிங் பிடித்துக்கொண்டது.

ஆகவே ஓட்டையைச் சுற்றி இரண்டு விரல் அகலமாவது கணீரென்றால் ஒட்டுப் போடுங்கள். அடிப்பக்கம் நெடுக மொத்தென்றால் வெல்டிங் கூலி தண்டம், மாற்றிவிடுங்கள்.

ஒட்டுக்குக் கூரைத் தகரம் மட்டும் வேண்டவே வேண்டாம். வீட்டுக்குப் பின்னால் துண்டு கிடக்கும், கை அதற்குத்தான் போகும். அதன் மேல் துத்தநாகப் பூச்சு உண்டு. வெல்டிங் சூட்டில் அது வெள்ளைப் புகையாக எழும்பும். அதை மூச்சில் இழுத்தவருக்கு அன்றிரவே குளிர்காய்ச்சல் வரலாம். பூச்சில்லாத இரும்புத் தகடாகக் கேட்டு வாங்குங்கள். பால் டின்னைச் சுற்றிக் கம்பி கட்டுவது, வொர்க்‌ஷாப் போய்ச் சேரும் வரைக்கும்தான்.

மாற்றுவதில் கஷ்டமான இடம், எஞ்சின் ஹெட்டில் குழாயைப் பிடித்திருக்கும் இரண்டு நட்டு. துருவேறிய நட்டை முரட்டுத்தனமாகத் திருகினால் ஸ்டட் (நட்டு ஏறி நிற்கும் மரையாணி) ஒடிந்து ஹெட்டுக்குள்ளேயே நின்றுவிடும். அதை எடுக்கும் கூலி எக்சோஸ் விலையைத் தாண்டலாம். முதல் நாள் இரவே துரு இளக்கும் எண்ணெய் அடித்து ஊறவிடுங்கள். மறுநாள் கொஞ்சம் தளர்த்தி, கொஞ்சம் இறுக்கி, மறுபடி தளர்த்தி மெதுவாக எடுங்கள். குழாய் கசியாமல் தடுக்கும் பழைய கேஸ்கெட் வளையம் ஏற்கெனவே நசுங்கியது. சுரண்டி எடுத்துவிட்டுப் புதிது வையுங்கள். எல்லா நட்டையும் போல்ட்டையும் முதலில் கையால் தளர்வாகப் பூட்டி, முன் நட்டு இரண்டையும் மாற்றி மாற்றி இறுக்கி, பின் போல்ட்டைக் கடைசியில் இறுக்குங்கள். பின்னதை முதலில் இறுக்கினால் குழாய் கோணலாக நின்று முன்பக்கம் கசியும். ஆக்சிலேட்டரை விடும்போது படபடவென்று வெடித்தால் அந்த இடத்தைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

புதிதாக வாங்கும்போது சத்தக் குழாய் வாங்காதீர்கள். வாகன இரைச்சலுக்கு நம் நாட்டில் 1987-லேயே விதி வந்துவிட்டது, சம்மன் கிடைக்கும். அது ஒருபுறம் இருக்கட்டும், பெரட்டுக்குக் கிளம்பும் நேரத்தில் லயம் முழுக்கப் பிள்ளைகள் தூங்கிக்கொண்டிருக்கும்.

மாட்டிய பிறகு வாரத்துக்கு ஒரு முறையாவது பெரிய சாலையில் அரை மணி நேரம் ஓட்டுங்கள். நான் ஞாயிற்றுக்கிழமை கோலகங்சார் வரை போய் வருவேன். பல மஃப்ளர்களின் அடியில் தண்ணீர் வடிய ஒரு சின்னத் துளை இருக்கும். துரு ஓட்டை என்று நினைத்து அதை அடைத்துவிடாதீர்கள். சேறு அடைத்திருந்தால் மெல்லிய கம்பியால் குத்தித் திறந்துவிடுங்கள்.