ஒழுங்கையில் நிற்கிற தண்ணீருக்கு முதலில் வழி விடுங்கள்

கேள்வி: ஐயா, எங்கள் வீடு முருங்கன் பக்கம், வயற்கரையில். பெரிய வீதியிலிருந்து படலை வரை ஏறத்தாழ 400 அடி மண் ஒழுங்கை, எங்கள் சொந்தக் காணிக்குள்ளால் போகிறது. கார்த்திகை பிறந்தால் முழங்கால் சேறு. மகள் பள்ளிக்கூடச் சப்பாத்தைக் கையில் தூக்கிக்கொண்டு போய், வீதிக்கரையில் கால் கழுவித்தான் போடுகிறாள். போன மாரியில் அம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக ஓட்டோ உள்ளே வரவில்லை. கதிரையில் இருத்தித் தூக்கிக்கொண்டு போனோம். இரண்டு வருடமாக டிப்பரில் கிறவல் பறித்தோம். இரண்டு தரமும் தை மாதத்தில் கிறவலைக் காணவில்லை. கையில் காசும் அதிகமில்லை. என்ன செய்யலாம்?
– வாசகி, முருங்கன்

பதில்: பிள்ளை, அம்மாவைக் கதிரையில் தூக்கிப் போன வரியோடு கடிதத்தை மேசையில் வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் இருந்தேன். வீதி வேலையில் ஓவசியராக இருந்தவன் நான். ஓட்டோ வராத ஒழுங்கை என்றால் என்னவென்று எனக்குத் தெரியும்.

உங்கள் கிறவல் எங்கேயும் போகவில்லை. கீழேதான் கிடக்கிறது. முருங்கன் களி சாதாரண மண் இல்லை. ஒரு காலத்தில் காங்கேசன்துறை சீமெந்து ஆலைக்கு இங்கிருந்துதான் களி ஏற்றினார்கள். கோடையில் கை நுழைகிற அளவுக்கு வெடிக்கும், மாரியில் ஊறிப் பொங்கும். ஊறிய களியின் மேல் கிறவல் பறித்து அதன்மேல் சில்லு ஏறினால், கல் கீழே இறங்கும், களி கல்லுக்கு நடுவால் மேலே வரும். இன்னும் 10 லோட் பறித்தாலும் இதே கதைதான். அதனால் இந்த வருடம் கிறவலுக்கு வைத்திருக்கிற காசைத் தொடாதீர்கள். முதலில் தண்ணீரைப் பாருங்கள்.

நல்ல மழை பெய்கிற நாளில் குடையோடு ஒழுங்கையின் ஒரு தலைப்பிலிருந்து மறு தலைப்புக்கு நடவுங்கள். தண்ணீர் எங்கே உள்ளே வருகிறது, எங்கே நிற்கிறது, எங்கே வெளியேறப் பார்க்கிறது என்று பார்த்து, அந்த இடங்களில் தடி நட்டு வையுங்கள். வயற்கரை ஒழுங்கைகளில் நான் அதிகம் கண்டது ஒன்றுதான்: வருடக்கணக்காகச் சில்லு உழக்கி, ஒழுங்கை பக்கத்து நிலத்தைவிடப் பணிந்து போயிருக்கும். அப்போது அது ஒழுங்கை இல்லை, வாய்க்கால். உங்களுடையதும் அப்படியென்றால் அதை மேலே தூக்கத்தான் வேண்டும்.

வேலையை ஆவணியில் தொடங்குங்கள். சிறுபோக அறுவடை முடிந்து மண் காய்ந்திருக்கும், ஐப்பசி மழைக்கு முன் இறுகவும் நேரம் கிடைக்கும். இரண்டு பக்கமும் கான் வெட்டி, அந்த மண்ணையே நடுவில் போட்டு உயர்த்துங்கள். கானை ஒழுங்கையின் விளிம்போடு ஒட்டி ஆழமாகத் தோண்ட வேண்டாம். களியில் கரை இடிந்து விழும். இரண்டடி தள்ளி, அகலமாக, சரிந்த கரையோடு வெட்டுங்கள். 100 அடிக்கு 6 அங்குலமாவது சரிவு வேண்டும். மேசன்மார் மட்டம் பார்க்கிற தண்ணீர் ரியூப் இருந்தால் அது போதும். கான் போய்ச் சேருகிற இடத்தையும் பாருங்கள். போக்கிடம் இல்லாத கான் வெறும் குட்டைதான். அதில் நிற்கிற தண்ணீர் திரும்பவும் ஒழுங்கைக்குள்ளேயே ஊறும்.

ஒழுங்கை 10 அடி அகலம் என்றால் நடுமுதுகு விளிம்பைவிட 3 அங்குலம் உயர்ந்து நிற்க வேண்டும். அதற்குக் குறைந்தால் தண்ணீர் நடுவிலேயே தங்கும். கண்மட்டத்தில் செய்யாதீர்கள். ஐந்தடிப் பலகை ஒன்றை நடுவிலிருந்து விளிம்புக்கு வைத்து, ஸ்பிரிற் லெவல் போட்டு, விளிம்பில் இருக்கிற இடைவெளியை அடிமட்டத்தால் அளவுங்கள்.

வயல் தண்ணீர் குறுக்கே போகிற இடம் ஒன்று கட்டாயம் இருக்கும். அங்கே கொங்கிறீற் குழாய் போடுங்கள், 18 அங்குலத்துக்குக் குறையாமல். சின்னக் குழாய் மலிவுதான், ஆனால் முதல் மழையிலேயே வைக்கோலும் குப்பையும் அடைத்துவிடும். வெளிவாய் உள்வாயைவிட 2 அல்லது 3 அங்குலம் பணிந்திருக்கட்டும். குழாயின் இரண்டு பக்கமும் மண்ணைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டு இடியுங்கள். மேலே ஒரு அடி மண்ணாவது மூடியிருக்க வேண்டும்.

இனித்தான் கிறவல். 400 அடி நீளம், 10 அடி அகலம், இறுகிய பின் 6 அங்குலக் கனம் என்றால் 20 கியூப் (ஒரு கியூப் என்றால் 100 கன அடி). பறிக்கும்போது 25 கியூப் வரை வேண்டும். அவ்வளவுக்குக் காசில்லை என்றால், மிகப் பணிந்த 100 அடியை மட்டும் இந்த வருடம் முழுதாகச் செய்யுங்கள். அதற்கு 6 அல்லது 7 கியூப். அதை 400 அடிக்கும் மெல்லிசாகப் பரப்புவதுதான் வீண். பழைய சேற்றைச் சுரண்டி எடுத்துவிட்டு, உடைந்த செங்கல் கிடைத்தால் அடியில் போட்டு, அதன்மேல் கிறவலை இரண்டு படையாகப் போடுங்கள். ஒவ்வொரு படைக்கும் தண்ணீர் தெளித்து ரோலர் ஓட வேண்டும். காய்ந்த கிறவல் இறுகாது. களிக்கும் கிறவலுக்கும் நடுவில் விரிக்கிற ஜியோ டெக்ஸ்டைல் துணி வாங்க முடிந்தால், உங்கள் மண்ணுக்கு அதைவிட நல்ல செலவு இல்லை.

ஒன்று சொல்ல வேண்டும். 2010இல் நாங்கள் கிளிநொச்சிக் காணிக்குத் திரும்பி வந்தபோது, எங்கள் ஒழுங்கையிலும் ஒரு இடம் ஒவ்வொரு மாரியும் இறங்கியது. மூன்று தரம் நிரப்பினேன். நாலாவது தரம் கோடையில் தோண்டிப் பார்த்தால், நாலடியில் உக்கிப்போன பனங்குற்றிகள், அதற்குக் கீழே மண்மூட்டைகள். போர்க்காலப் பங்கர், பதுங்குகுழி. யாரோ மேலால் மண் தள்ளி மூடிவிட்டுப் போயிருக்கிறார்கள். குற்றிகளை எடுத்து, ஆறு ஆறு அங்குலமாக மண் போட்டு, தண்ணீர் ஊற்றி, தூணால் இடித்து ஏற்றினேன். அதற்குப் பிறகு இறங்கவில்லை. உங்கள் ஒழுங்கையில் ஒரே இடம் மட்டும் திரும்பத் திரும்ப இறங்கினால் இதையும் யோசியுங்கள்.

ஆனால் தோண்ட முன்னம் அந்த நிலம் மிதிவெடி அகற்றி ஒப்படைக்கப்பட்டதா என்று கிராம அலுவலரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். மண்வெட்டியில் இரும்பு ஏதாவது தட்டுப்பட்டால் கையால் தொட வேண்டாம், நகர்த்தவும் வேண்டாம். அந்த இடத்தை விட்டு விலகி, பொலிசுக்கு 119இல் சொல்லுங்கள். பிள்ளைகளை அந்தப் பக்கம் விடாதீர்கள்.

மழை பிடித்த பிறகு இரும்புச் சில்லு போட்ட லாண்ட்மாஸ்டரை, அதுதான் இரண்டு சில்லு உழவு இயந்திரத்தை, ஒழுங்கையில் ஓட விடாதீர்கள். சொந்தக்காரர் என்றாலும் மறியுங்கள். வயல் வரம்பிலேயே சில்லை மாற்றச் சொல்லுங்கள். ஒரு நாள் ஓட்டம் முழு வேலையையும் உழுது போட்டுவிடும். ஒழுங்கைக்கு மேலே கவிந்த கிளைகளையும் வெட்டுங்கள். வெயிலும் காற்றும் படுகிற இடம் சீக்கிரம் காயும்.

கேள்வி: எங்கள் காணிக்குப் பின்னால் காட்டுக்கரையில் நல்ல கிறவல் இருக்கிறது. உழவு இயந்திரப் பெட்டியில் ஏற்றி ஒழுங்கைக்குப் போடலாமா? நல்ல கிறவல்தானா என்று எப்படித் தெரியும்?
– வாசகர், ஒட்டுசுட்டான்

பதில்: வேண்டாம் தம்பி. கிறவல் அகழவும் ஏற்றவும் புவிச்சரிதவியல் அளவை சுரங்கப் பணியகத்தின் அனுமதிப்பத்திரம் வேண்டும். 1992ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சட்டம் அது. காட்டுக்கரை வன இலாகாவின் எல்லைக்குள் என்றால் அது வேறு வழக்கு. பெட்டியும் இயந்திரமும் நீதிமன்றத்தில் நிற்கும், நாற்று நடுகிற நேரத்தில் உங்களுக்கு ஏர் இருக்காது. அனுமதி உள்ள இடத்தில் வாங்குங்கள். லோட் பறிக்க முன்னம் டிப்பர்க்காரரிடம் பத்திரத்தைக் காட்டச் சொல்லுங்கள்.

தரம் பார்க்க ஒரு பிடி எடுத்துக் கொஞ்சம் தண்ணீர் விட்டு, உள்ளங்கையில் இறுக்கி உருட்டுங்கள். உருண்டையாக நின்று, கையில் இலேசாகச் செங்கறை பட்டால் சரி. உதிர்ந்து போனால் பசை இல்லை, கோடையில் தூசியாகப் பறக்கும். குழைத்த ரொட்டி மா போல விரலில் ஒட்டிக்கொண்டு, கல் நெருடவே இல்லையென்றால் களி கூட. மாரியில் மோட்டார் சைக்கிள் வழுக்கும். அந்த லோட்டைப் பறிக்காமல் திருப்பி அனுப்புங்கள்.